பல்பு மாட்டுனா நெட் வந்துடாதுங்க

ஒளி வழியா டேட்டா அனுப்புறதுதான் என் வேலைன்னு தெரிஞ்சா போதும், எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், "வீட்ல இருக்குற எல்ஈடி பல்பே போதுமாமே, அதுலயே லைஃபை, அதான் வெளிச்சம் வழியா வர்ற நெட், வருமாமே?" 2011ல ஹரால்ட் ஹாஸ்ங்கிற பேராசிரியர் டெட் (TED) பேச்சு மேடையில டேபிள் லாம்ப் வச்சு வீடியோ ஓட்டிக் காட்டுனதுல இருந்து இந்த ஆசை ஊரெல்லாம் சுத்துது.

சாதாரண வெள்ளை எல்ஈடி உண்மையில நீல சிப்பு, மேல மஞ்சள் பாஸ்பர் பூச்சு, நீல ஒளிய வாங்கி மஞ்சளா விடுற பொடி. அத வேகமா ஆன் ஆஃப் பண்ணி சிக்னல வரைஞ்சு காட்டுற ஆசிலோஸ்கோப்ல பாத்தா நீலம் டக்குனு விழுந்துடும், மஞ்சள் மட்டும் பின்னாடி வால் மாதிரி இழுத்துக்கிட்டே வரும், அடுத்த பிட் வர்றப்போ பழைய பிட் இன்னும் அணைஞ்சிருக்காது. ஒளிய வாங்குற சென்சார், அதான் போட்டோடயோடு, அதுக்கு முன்னாடி நீல ஃபில்டர் வச்சா வால் போயிடும், ஆனா வெளிச்சத்துல பாதிக்கு மேல அதோட போயிடும், அப்புறம் சிக்னல்ல கலக்குற இரைச்சலோட (நாய்ஸ்) மல்லுக்கட்டணும்.

இங்கதான் மைக்ரோ எல்ஈடி வருது. 100 மைக்ரானுக்கும் கீழ, முடி தடிமன்தான். அவ்ளோ சின்ன இடத்துல கரன்ட்ட நெருக்கி அனுப்பலாம், எலக்ட்ரானும் ஹோலும் (எலக்ட்ரான் இல்லாத காலி இடம்) சட்டுனு சேர்ந்து ஒளியா மாறிடும், சார்ஜ தேக்கி வைக்கிற கெப்பாசிட்டன்ஸும் கம்மி, அதனாலதான் வேகம். 2014ல வந்த ஒரு ஆய்வுல 50 மைக்ரான் காலியம் நைட்ரைடு எல்ஈடி ஒண்ணே ஒண்ணுல நொடிக்கு 3 ஜிகாபிட் எடுத்தாங்க. எவ்ளோ தூரத்துக்குன்னு யாரும் கேக்குறதில்ல, வெறும் 5 செ.மீ!

சின்ன சிப்புல வர்ற வெளிச்சமும் கொஞ்சம்தானே, அதான் லென்ஸ் வைக்கிறது, நிறைய சிப்ப வரிசையா அடுக்குறதுன்னு வேலை நடக்குது. 2023ல லைஃபைக்குன்னு 802.11பிபி (802.11bb) ஸ்டாண்டர்டும் வந்துடுச்சு, ஆனா அது இன்ஃப்ராரெட்ட நம்பி எழுதுனது, கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்த இல்ல, இத விளம்பரத்துல சொல்ல மாட்டாங்க. அதனால யாராவது லைஃபைன்னு விக்க வந்தா ஸ்பீடு கேக்குறதுக்கு முன்னாடி எத்தனை மீட்டர்ல அந்த ஸ்பீடு, போன்ல இருந்து திருப்பி அனுப்புறது எது வழியான்னு கேளுங்க. போன் கேமரா இதுக்கு ஆகாது, தனியா ரிசீவர் வேணும்.

கண்ணு கெடுமான்னு பயப்படாதீங்க, நொடிக்குப் பல லட்சம் தடவ மினுக்குறது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனா "சுவர் தாண்டாது, ஹேக் பண்ணவே முடியாது"ன்னு சொன்னா மட்டும் ராத்திரி லைட்ட போட்டுட்டு வெளிய நின்னு கதவிடுக்க பாருங்க, ஜன்னல் கண்ணாடிய பாருங்க, வெளிச்சம் கசியுற வழியா டேட்டாவும் கசியும்.