செற்றியை மாற்றினால் குளிசையை நிறுத்தலாமா?

மறுபடியும் ஒருவர். தைரொயிட் நோய்க்குக் காரணம் ஸ்பொஞ்ச் செற்றியில் உள்ள இரசாயனம்தான் என்று வட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி, வீட்டு ஸ்பொஞ்ச் செற்றியைப் பழைய சாமான்காரருக்குக் கொடுத்துவிட்டு மரக்கதிரை வாங்கிப் போட்டிருக்கிறார். அது அவர் விருப்பம். கையோடு, தைரொயிட் சுரப்பி போதாமல் சுரப்பதற்காகப் போட்டுவந்த தைரொக்சின் குளிசையையும் நிறுத்திவிட்டார். "காரணமே அந்தச் செற்றிதானாம் டொக்டர், அதுதான் இப்ப வீட்டில இல்லையே." முகம் ஊதி, குரல் கரகரத்து, பின்னேரமே தூக்கம் சொக்குகிறது. அதற்கும் குளிசைக்கும் தொடர்பிருக்கும் என்று அவர் நினைக்கவேயில்லை.

செய்தி முழுப்பொய் என்றால் எனக்கு வேலை சுலபம். பாதி உண்மை. ஸ்பொஞ்ச் சட்டென்று தீப்பற்றாதிருக்க அதில் இரசாயனம் கலப்பதுண்டு. பழைய ரீவி, கணினிக் கூடுகளிலும் உண்டு. அவற்றில் பிபிடிஇ என்னும் வகை, அமைப்பில் தைரொயிட் சுரக்கும் தைரொக்சினை ஓரளவு ஒத்தது. அதில் அயடீன் இருக்கும் இடத்தில் இதில் புரோமின். எளிதில் அழியாத நச்சு இரசாயனங்களுக்கு எதிரான சர்வதேச ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை, பிபிடிஇ வகைகளில் 2009இல் சிலவற்றையும் 2017இல் டெக்கா வகையையும் ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. இலங்கையும் அதில் ஒரு தரப்பு. ஆனால் வீட்டிலிருக்கும் பழைய சாமானுக்குச் சட்டம் தெரியாது.

மற்றப் பாதிக்கு வருகிறேன். மனிதரில் செய்த ஆய்வுகளின் முடிவு ஒன்றுபோல் இல்லை. தைரொயிட்டைச் சுரக்கத் தூண்டும் ஹோர்மோனான டிஎஸ்எச் சிலவற்றில் கூடியிருந்தது, சிலவற்றில் குறைந்திருந்தது. "உங்களுக்கு வந்தது செற்றியால்தான்" என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. என்னிடம் தைரொக்சின் குறைவோடு வருபவர்களில் பெரும்பாலானோருக்கு ஹஷிமோட்டோ, அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கும் நோய். சரி, செற்றிதான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் சுரப்பி போதுமான அளவு சுரக்கவில்லை. உடம்புக்கோ அது வேண்டும். ஆகவே குளிசையாகத் தருகிறோம். குளிசை நஞ்சு முறிக்கும் மருந்தல்ல, குறைவதை நிரப்புவது. செற்றி போனாலும் குறை போகாது. பிள்ளைக்கு முயற்சிக்கும் பெண்கள் இதை நிறுத்தினால், கருவின் மூளை வளர்ச்சிக்கே கேடு வரலாம். (இந்த இடத்தில் என் குரல் உயரும். வெளியே காத்திருப்பவர்கள் மன்னிக்கவும்.)

அப்புறம், வீட்டில் என்ன செய்வது? இந்த இரசாயனம் ஸ்பொஞ்சிலிருந்து மெல்லக் கழன்று தூசியில் சேர்கிறது. தூசி கைக்கு, கை வாய்க்கு. நிலத்தில் தவழ்ந்து, கண்டதையெல்லாம் வாயில் வைக்கும் பிள்ளைக்குத்தான் அதிகம் போகும். மேலே ஃபேனைச் சுழலவிட்டு, கீழே தும்புத்தடியால் கூட்டுவதை நிறுத்துங்கள். ஈரத்துணியால் துடையுங்கள், செற்றிக்கு அடியிலும் ரீவிக்குப் பின்னாலும்தான் முக்கியமாக. சாப்பாட்டுக்கு முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். குசன் கிழிந்து, ஸ்பொஞ்ச் மஞ்சளாகிப் பொடிந்து கொட்டுகிறதா? அதைத்தான் மாற்ற வேண்டும். துண்டு ஸ்பொஞ்சை ஒட்டிய மலிவு மெத்தையைப் புறக்கோட்டையில் பேரம் பேசி வாங்காதீர்கள். உள்ளே இருப்பது எதிலிருந்து வந்ததென்று விற்பவருக்கே தெரியாது. செம்புக்காக முற்றத்தில் வயர் எரிப்பவர்களே, தயவுசெய்து வேண்டாம், அந்தப் புகை இன்னும் மோசம். தாய்ப்பாலிலும் இந்த இரசாயனம் கலந்திருக்கும் என்று கேள்விப்பட்டுப் பிள்ளைக்குப் பாலை நிறுத்தவும் வேண்டாம்.

குளிசையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள், தேத்தண்ணி அரை மணித்தியாலமாவது கழித்து. ஏற்கெனவே நிறுத்தியவர்கள் இந்த வாரமே கிளினிக்குக்குப் போய் டிஎஸ்எச் பாருங்கள். கொஞ்சம் ஏச்சு விழும், வாங்கிக்கொள்ளுங்கள்.