காணியை விற்க முன் ரிசல்ட் தாளைப் பாருங்கள்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியானால் போதும், வெள்ளவத்தையில் என் அறைக்கு வெளியே தாய்மார் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளை பேசாது. அம்மாதான் பேசுவார். "சேர், உயிரியலுக்கு பி, இரசாயனவியலுக்கு சி, பௌதிகவியலுக்கு எஸ். டொக்டருக்குத்தான் படிக்கவேணும் எண்டு நிக்கிறாள். காணியை வித்து வெளிநாட்டுக்கு அனுப்பவோ?"

தொழில் வழிகாட்டல் ஆலோசகராக இந்தக் கேள்வியை வருடம் தவறாமல் கேட்கிறேன். சரி, காணி இருக்கட்டும், தாளை மேசையில் வையுங்கள் என்பேன்.

பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்தை மூன்று தரம் எழுதலாம். செகண்ட் ஷையில், அதாவது இரண்டாம் தரம் எழுதி, எடுக்கும் இசட் புள்ளியோடு (அனுமதியைத் தீர்மானிக்கும் புள்ளி) முதல் தரம் எடுத்த புள்ளியைச் சேர்த்துச் சராசரி பார்ப்பதில்லை. முதல் முறை சறுக்கியது அடுத்த முறை எடுக்கும் புள்ளியில் ஒரு துளியையும் குறைக்காது. இதை அறியாமல் 19 வயதுப் பிள்ளை "என் வாழ்க்கை முடிந்தது" என்று அழுவதைப் பார்க்க மனம் பொறுக்காது.

ஆனால் அதே படிப்பை அதே மாதிரி இன்னொரு வருடம் படித்தால் பலன் இல்லை. ஒரு பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியிலிருந்து நாம் எவ்வளவு மேலே, அல்லது கீழே நிற்கிறோம் என்பதுதான் இசட் புள்ளி. மூன்று பாடத்துக்கும் அதைக் கண்டு, சராசரி எடுப்பார்கள். பலவீனமான ஒரு பாடம் மற்ற இரண்டையும் கீழே இழுத்துவிடும். அப்படியிருந்தும் பிள்ளைகள் பிடித்த உயிரியலையே திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். வெறும் சாதாரண சித்தியான எஸ்ஸில் கிடக்கும் பௌதிகவியல் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும் 55 வீதம் மாவட்டத்துக்கும் போகும் முறையில், கொழும்புப் பிள்ளைக்கு மாவட்டப் பங்கும் இலேசில் கிடைப்பதில்லை.

ஒரு மாணவியிடம் பழைய பௌதிகவியல் எம்சிகியூ (பல்தேர்வு) பேப்பர் ஒன்றைக் கொடுத்து, மணிக்கூட்டை முன்னால் வைத்தேன். 50 கேள்வி, 2 மணித்தியாலம். நேரம் முடிந்தபோது 34ஆவது கேள்வியில் நின்றாள். செய்தவற்றில் பெரும்பாலானவை சரி. பிழைத்தது அறிவில் இல்லை, வேகத்தில். பௌதிகவியலுக்கு மட்டும் மூன்று இடத்தில் கிளாஸ் போன பிள்ளை அவள். பம்பலப்பிட்டிக்கும் கொட்டாஞ்சேனைக்கும் பஸ்ஸில் அலைந்ததில், ஒரு முழுப் பேப்பரை ஒரே இருப்பில் எழுதிப் பார்க்க நேரமே இருக்கவில்லை. இரண்டு கிளாஸை நிறுத்தச் சொன்னேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அப்புறம் ஒத்துக்கொண்டார்.

வெளிநாடு தவறான வழி என்று நான் சொல்லவில்லை. ஆனால் எஸ், எஸ், எஸ் எடுத்த பிள்ளையிடம் "அதெல்லாம் பிரச்சினை இல்லை, ஃபவுண்டேஷன் என்ற ஆயத்தக் கோர்ஸைச் செய்தால் சரி" என்று சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வந்து இங்கே டொக்டராகப் பதிவு பெற, உயர்தரத்தில் குறைந்தது இரண்டு பாடத்தில் சி, மற்றதில் எஸ் வேண்டும் என்பது இலங்கை மருத்துவப் பேரவையின் அளவுகோல். சி என்றால் 55 புள்ளி. அந்தப் பல்கலைக்கழகமும் பேரவை ஏற்றுக்கொண்டதாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு, வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே பதிவு பெற எழுதவேண்டிய ஈஆர்பிஎம் பரீட்சை வேறு. முகவரின் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். முற்பணம் கட்டுவதற்கு முன்பே ரிசல்ட் தாளையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் எடுத்துக்கொண்டு நொறிஸ் கெனல் வீதியில் உள்ள பேரவைக்கு நேரில் போய்க் கேளுங்கள். ஆறு வருடமும் காணியும் போன பிறகு என் முன்னால் வந்து உட்கார்ந்த ஒரு தகப்பனின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இன்னொன்று. இடையில் மருந்தகவியல், இயன்மருத்துவம் போன்ற பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்தால், பதிவு செய்யுமுன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை ஒருதரம் வாசியுங்கள். பதிந்த பிறகு அடுத்த ஷையைப் பற்றி யோசிப்பது சிக்கல். அந்தப் படிப்புகளை ஆறுதல் பரிசாக நினைக்கவும் வேண்டாம், மனம் பொருந்தினால் அவற்றிலேயே நல்ல வாழ்க்கை இருக்கிறது.

என்னிடமோ வேறு ஆலோசகரிடமோ போகும்போது, எழுதிப் பார்த்த கடைசி மூன்று பேப்பரையும் கொண்டு போங்கள். அம்மா, அப்பா இருவரும் வரலாம். பேசுவது மட்டும் பிள்ளையாக இருக்கட்டும்.