கண்ணில் விட்ட மருந்து தொண்டையில் கசப்பது ஏன்?

கண்ணில் சொட்டு மருந்து விட்ட கொஞ்ச நேரத்தில் தொண்டை கசக்கிறதா? கண்ணின் உள்மூலையில் உள்ள சிறு துளைகள் வழியாகக் கண்ணீர் மூக்குக்குள் இறங்கும்போது மருந்தும் கூடவே போய்விடுகிறது. ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண்ணின் மேல் படர்ந்திருக்கும் கண்ணீரோ சுமார் 7 மைக்ரோலிட்டர்தான். இமைத்ததும் மிச்சம் வழிந்துவிடும். இதையெல்லாம் தாண்டிக் கண்ணுக்குள் சேர்வது பெரும்பாலும் 5 சதவீதத்துக்கும் குறைவு.

சரி, கெட்டியான களிம்பு போடலாமே? போடலாம், ஆனால் பார்வை மங்கிப்போகும். புட்டியில் தண்ணீராக இருந்து கண்ணில் பட்டதும் ஜெல்லாக மாறினால் நல்லது. அப்படிச் செய்யும் பொருள்கள் இருக்கின்றன. பாக்டீரியா தயாரிக்கும் ஜெல்லன் கோந்து, கண்ணீரில் உள்ள சோடியம், கால்சியம் அயனிகளைச் சந்தித்ததும் இறுகுகிறது. கண் அழுத்த நோய்க்கான டிமோலால் சொட்டை வழக்கமாக நாளுக்கு இரண்டு வேளை விட வேண்டும்; ஜெல்லன் கலந்தால் ஒரு வேளை போதும். வருடக்கணக்காக மருந்து விடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

இப்படி ஜெல்லாக மாறும் பொருள்களில் எனக்கு மிகவும் பிடித்தது போலாக்ஸமர். சாதாரண ஜெல்லி சூட்டில் உருகும். இது சூட்டில் உறையும். இதன் மூலக்கூறில் நடுப்பகுதிக்குத் தண்ணீர் அவ்வளவாகப் பிடிக்காது, இரண்டு முனைகளுக்கும் பிடிக்கும். சூடு ஏறும்போது நடுப்பகுதிகள் தண்ணீரை உதறிவிட்டு ஒன்றுகூடி நுண்ணிய உருண்டைகளாகின்றன. உருண்டைகள் நெருக்கியடித்து நின்றதும் திரவம் ஜெல்லாகிறது. கலவையின் அளவைச் சரிசெய்து, கண்ணின் மேற்பரப்பு வெப்பமான சுமார் 34 டிகிரி செல்சியஸில் உறையும்படி செய்யலாம்.

ஆனால் மருந்து கண்ணில் தங்கினால் மட்டும் போதாது, உள்ளே நுழையவும் வேண்டும். கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும், கண்ணாடி போன்ற கார்னியாவின் வெளி அடுக்கு எண்ணெய்த்தன்மை கொண்டது, நடு அடுக்கு தண்ணீர்த்தன்மை கொண்டது. ஒன்றில் சுலபமாகப் புகும் மருந்து மற்றதில் தடுமாறும். அதோடு, உலர்கண்ணுக்குத் தரும் சைக்ளோஸ்போரின் தண்ணீரில் கரையவே மறுக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு மிக நுண்ணிய நானோ உருண்டைக்குள் அதை ஒளித்து வைத்தால், வெளிப்புறம் தண்ணீரோடு ஒத்துப்போகும், மருந்து உள்ளே பத்திரமாக இருக்கும். இப்படிப்பட்ட ஒரு சொட்டு மருந்துக்கு அமெரிக்காவில் 2018-இல் அனுமதி கிடைத்தது. இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானால் நானோ துகள் செய்தால் வேறொரு வசதி உண்டு: அதன் நேர்மின்னூட்டம், கண்ணின் சளிப்படலத்திலுள்ள எதிர்மின்னூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம், நானோ துகளையே ஜெல்லுக்குள் வைக்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. கண்ணின் பின்புறமுள்ள விழித்திரைதான் இன்னும் எட்டாத இடம். அங்கே வரும் பல நோய்களுக்கு இன்றும் கண்ணுக்குள் ஊசிதான் போட வேண்டியிருக்கிறது.