ரைடிங்: தொகுதியா, தேர்தல் மாவட்டமா?

போன கிழமை கனடாவில், டொரொண்டோவின் ஸ்காபரோப் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக்குத் தபாலில் ஒரு தமிழ்த் துண்டுப்பிரசுரம் வந்தது. 'ஸ்காபரோ–ரூஜ் ரிவர் முன்னாள் மாகாணத் தேர்தல் மாவட்டத்தில் பல்லாண்டு சேவை' என்று அதில் ஒரு வரி. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுக் கேட்டார்: "மாவட்டமெண்டால் எத்தினை பேரைத் தெரிவுசெய்யிறது? விருப்பு வாக்கு எங்கை போடுறது?"

மாமி கேட்டதில் பிழையில்லை. இந்தத் 'தேர்தல் மாவட்டம்' என் கண்ணில் படுவது இது எத்தனையாவது தடவையோ, எண்ணுவதை விட்டுவிட்டேன்.

சொல்லை முதலில் பார்த்துவிடுவோம். கனடாவில் ஓர் உறுப்பினரைத் தெரிவுசெய்யும் பகுதியைப் பேச்சில் 'ரைடிங்' என்பார்கள். ஒரு நாளில் குதிரையில் சுற்றிவரக்கூடிய நிலம், அதனால் அந்தப் பெயர் என்பது வெறும் கதை. பழைய நோர்ஸ் மொழியில் மூன்றிலொரு பங்கைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது அது. இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர் வடக்கு, கிழக்கு, மேற்கு என்று மூன்று ரைடிங்குகளாக 1974 வரை இருந்தது. நோர்த், ஈஸ்ட், வெஸ்ட் என்ற சொற்களின் கடைசி ஒலியோடு ஒட்டிப்போய் அந்தப் பழைய சொல்லின் முதல் ஒலியான 'த்' உதிர்ந்துவிட்டது. 1792இல் மேல் கனடாவின் (இன்றைய ஒன்ராறியோவின் தென்பகுதி) முதல் தேர்தலுக்குக் கிளென்கரி கவுண்டியை இரண்டு ரைடிங்குகளாகப் பிரித்தார்கள். மூன்றிலொரு பங்கு இரண்டாகியது! சொல்லின் பழைய பொருள் அன்றைக்கே போய்விட்டது.

சட்டத்தில் இதற்குப் பெயர் 'எலக்டோரல் டிஸ்ட்ரிக்ட்'. மொழிபெயர்ப்பாளர் வழுக்கி விழுவது இங்கேதான். எலக்டோரல் என்றால் தேர்தல், டிஸ்ட்ரிக்ட் என்றால் மாவட்டம், வேலை முடிந்தது. ஆனால் 'தேர்தல் மாவட்டம்' ஆளில்லாமல் கிடந்த சொல் இல்லையே. இலங்கையில் 1978 அரசியலமைப்போடு வந்து, இன்றுவரை புழக்கத்தில் உள்ள சொல் அது. ஒரு தேர்தல் மாவட்டத்தில் பல உறுப்பினர்கள். கட்சிக்கு ஒரு வாக்கு, பிறகு ஆட்களுக்கு விருப்பு வாக்கு. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் கிளிநொச்சியும் அடக்கம். 2024இல் அங்கிருந்து ஆறு பேர் தெரிவானார்கள். 'மாகாண' என்ற சொல்லையும் முன்னால் ஒட்டிவிட்டால் கேட்கவே வேண்டாம். 2013இல் வடமாகாண சபைத் தேர்தலுக்கு மாவட்டம் மாவட்டமாக விருப்பு வாக்குப் போட்ட சனம் வேறு எதை நினைக்கும்?

இலங்கையில் 1978க்கு முந்தைய முறையில் ஒரு பகுதிக்குப் பெரும்பாலும் ஓர் ஆள்தான். 1975 இடைத்தேர்தலில் தமிழ்த் தலைவர் செல்வநாயகம் வென்றது காங்கேசன்துறைத் தொகுதி. அந்த ஒழுங்குதான் கனடாவின் ரைடிங். தமிழ்நாட்டிலும் தொகுதிதான். கைக்குள் இருக்கிற சொல்லை விட்டுவிட்டு அகராதியைக் கிளறுவானேன்?

தனித்தமிழ்ப் பற்றுள்ள நண்பர் ஒருவருக்கு வேறு கவலை. மூலம் பங்கைக் குறிப்பதால் 'கூறு' என்றோ 'பால்' என்றோ ஆக்க வேண்டும், 'தொகு' என்பது சேர்ப்பது, அது எதிர்ப்பொருள் என்கிறார். சரி, வேர்ப்பொருள் அப்படித்தான். ஆனால் ஆங்கிலேயரே மறந்துவிட்ட மூன்றிலொரு பங்கை நாம் ஏன் தோளில் சுமக்க வேண்டும்? தொகுதி என்ற சொல்லுக்கும் பாரம் இருக்கிறது: நூலின் முதலாம் தொகுதி, விஞ்ஞானப் புத்தகத்தின் சமிபாட்டுத் தொகுதி. ஆனாலும் தேர்தல் பேச்சில் அதை யாரும் வயிற்றோடு குழப்பிக்கொள்வதில்லை.

ஸ்காபரோ–ரூஜ் ரிவரின் கதைக்கே தெளிவான சொல் தேவை. ஒன்ராறியோ மாகாணம் தன் சட்டசபையின் 130 ஆசனங்களை 103 ஆக்கி, தொகுதிகளைக் கூட்டாட்சித் தொகுதிகளோடு பொருத்தியபோது, 1999இல் மாகாணத் தொகுதியாக அது பிறந்தது. அதே பெயரில் கூட்டாட்சித் தொகுதி ஒன்று 1988இலிருந்தே இருந்தது. 2011இல் ராதிகா சிற்சபைஈசன் கனடாவின் முதல் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினரானது அங்கிருந்துதான். அந்தக் கூட்டாட்சித் தொகுதி 2015இல் மறைந்தது. மாகாணத் தொகுதி மட்டும் 2018 வரை உயிரோடிருந்து, 2016இல் ஓர் இடைத்தேர்தலையும் கண்டது. அந்த மூன்று வருடமும் ஒரே வீட்டுக்கு ஒட்டாவா நாடாளுமன்றத்துக்கு ஒரு தொகுதிப் பெயர், குயின்ஸ் பார்க் எனப்படும் மாகாணச் சட்டசபைக்கு இன்னொன்று. இந்தச் சிக்கலுக்குள் மாவட்டத்தையும் நுழைத்தால் என்ன ஆகும்?

இவ்வளவையும் மாமிக்குச் சொல்லி முடிக்கத் தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. "அப்ப நாங்கள் இப்ப எந்தத் தொகுதி?" என்றார். ஸ்காபரோ நோர்த் என்றேன்.