குசினிச் சுவரின் புகைக்கறையை எமல்சன் மறைக்காது

கடந்த மார்கழியில் தர்மபுரத்துக்கு அருகே ஒரு வீட்டுத்திட்ட வீட்டிற்கு என்னை அழைத்திருந்தார்கள். விறகடுப்புப் புகையில் கறுத்திருந்த குசினிக்கு வீட்டுக்காரர் தம் கையாலேயே, தண்ணீர் கலந்து பூசும் வெள்ளை எமல்சன் பெயின்றை மூன்று தரம் பூசியிருந்தார். மூன்றாவது பூச்சும் காய்ந்த பிறகு, அடுப்புக்கு மேலே தேயிலைச் சாயம் ஊற்றியதைப் போல மஞ்சள் கறை ஊறி நின்றது. "நாலாவது தரம் அடிச்சால் மறையுமோ தம்பி?" என்று அவர் கேட்டார். அந்த மாதத்தில் இதே கேள்வி என் காதில் விழுந்த ஐந்தாவது வீடு அது.

மறையாது ஐயா. நான்கு தரம் அல்ல, பத்துத் தரம் பூசினாலும் மறையாது. புகைக்கறை வெறும் கரித்தூள் அன்று. விறகு அரைகுறையாக எரியும்போது வெளிப்படும் தார் போன்ற பிசினும் தாளிக்கும் எண்ணெயின் ஆவியும் கரியோடு சேர்ந்து சுவரில் ஒட்டிய படலம் அது. எமல்சனில் இருப்பது தண்ணீர். அந்தத் தண்ணீர் பிசினிலுள்ள மஞ்சள் சாயத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு, தான் காயும்போது அதை மேற்பரப்புக்கே கொண்டுவந்து விட்டுப் போகிறது. அடுத்த பூச்சிலும் அதே தண்ணீர்தான் இருக்கிறது, அதே வேலையைத்தான் செய்கிறது. பூச்சின் தடிப்புக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. விலை கூடிய எமல்சன் வாங்கினால் சரியாகும் என்று கடையில் சொல்வதை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். கரியின் மேலேயே வோல் பில்லர் (சுவரை மட்டமாக்கும் பசை) இழுப்பது அதைவிட மோசம். அது சுவரைப் பிடிக்காமல் கரியைப் பிடித்து நின்று, சில மாதங்களில் தகடு தகடாகக் கழரும்.

முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். காய்ந்த கரியைத் தண்ணீர் படுமுன்னரே மென்மையான தும்புத்தடியால் மேலிருந்து கீழாக, அழுத்தாமல் தட்டி எடுங்கள். மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் கட்டாயம். பிறகு 5 லீற்றர் வெந்நீரில் அரைக் கோப்பை சலவைச் சோடாவைக் கரைத்து, கையுறை அணிந்து, சுவரைக் கீழிருந்து மேலாகக் கழுவுங்கள். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆனால் மேலிருந்து தொடங்கினால் அழுக்குநீர் காய்ந்த கரியின் மேல் வழிந்து, பிறகு எதற்கும் போகாத கோடுகளை விட்டுச் செல்லும். சோடா சுவரில் தங்காதபடி நல்ல தண்ணீரால் இரண்டு தரம் அலசுங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி கறுத்தால் இன்னொரு தரம் கழுவ வேண்டும்.

சீலிங்கோ கூரையோ அஸ்பெஸ்டஸ் சீற்றாக இருந்தால், தயவுசெய்து அதைச் சுரண்டாதீர்கள், காய்ந்த தும்புத்தடியால் தேய்க்காதீர்கள், சான்ட் பேப்பர் போடவே போடாதீர்கள். அதிலிருந்து பறக்கும் நார்த்தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. அதன் நோய் பல ஆண்டுகள் கழித்தே தெரியவரும். ஈரத்துணியால் மெதுவாக ஒற்றி எடுங்கள், பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுங்கள்.

கழுவிய பின்னும் மஞ்சள் நிழல் கொஞ்சம் இருக்கும்; பரவாயில்லை. அதைப் பூட்டுவது, எமல்சனுக்கு முன் பூசும் அடிப்பூச்சான பிறைமரின் வேலை. கடையில் வெறுமனே பிறைமர் என்று கேட்டால் தண்ணீர் கலக்கும் வகையைத் தந்துவிடுவார்கள். தின்னர் கலந்து பூசுகின்ற, கறையைத் தடுக்கும் பிறைமர் என்று சொல்லிக் கேளுங்கள். பூசும்போது யன்னல்கள் திறந்திருக்க வேண்டும், அடுப்போ சாமி விளக்கோ நுளம்புத்திரியோ எரியக்கூடாது. ஒரு நாள் காயவிட்டு, கறை கூடிய இடத்தில் ஒரு சாண் அளவுக்கு எமல்சன் பூசி மறுநாள் பாருங்கள். மஞ்சள் ஊறாவிட்டால் மட்டும் முழுச் சுவருக்கும் பூசுங்கள். ஊறினால் பிறைமரை இன்னொரு தரம் பூசுங்கள்.

இன்னொன்றும் கெஞ்சிக் கேட்கிறேன். பொங்கலுக்கு வீடு வெள்ளையாக வேண்டும் என்று மார்கழியில் தொடங்காதீர்கள். மாரி மழையில் ஊறிய சுவரில் இந்தப் பிறைமர் கொப்பளித்துவிடும். சோளகம் வீசும் ஆடி, ஆவணியில் கழுவினால் சுவர் விரைவில் உலரும். ஐப்பசி மழைக்கு முன்னரே வேலை முடிந்துவிடும்.