பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது என்று டேப்லெட் எப்படி முடிவு செய்கிறது?

தான்சானியாவின் டாங்கா வட்டாரத்தில் 170 சிற்றூர்களைத் தேர்ந்தெடுத்து, ஏறத்தாழ 3,000 பிள்ளைகளின் கையில் டேப்லெட் கொடுத்தார்கள். அவர்களில் 74 சதவீதம் பேர் அதுவரை பள்ளிக்கூடமே போனதில்லை என்று பதிவாகியிருந்தது. தாங்கள் அன்றாடம் பேசும் சுவாஹிலி மொழியில் ஒரு சொல்லைக்கூட வாசிக்கத் தெரியாதவர்கள் 90 சதவீதத்துக்கும் மேல். பாடம் நடத்த ஆசிரியர் கிடையாது. ஊரில் சூரிய மின்சாரத்தில் சார்ஜ் போட்டுக்கொள்ளும் வசதி இருந்தது, அவ்வளவுதான். 15 மாதங்களில் அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே எழுத்தும் எண்ணும் கற்றுக்கொள்ள முடியுமா என்று பார்ப்பதுதான் நோக்கம்.

குளோபல் லேர்னிங் எக்ஸ்பிரைஸ் என்ற அந்தப் போட்டியின் இறுதிச் சுற்றில் ஐந்து அணிகள் இருந்தன. பெங்களூருவைச் சேர்ந்த சிம்ப்பிள் அவற்றில் ஒன்று. 2019 மே மாதம் லண்டனின் ஒன்பில்லியன் அமைப்பும், கிட்கிட் ஸ்கூல் என்ற செயலியை உருவாக்கிய அணியும் 1 கோடி டாலர் பரிசைப் பகிர்ந்துகொண்டன. இறுதிச் சுற்றுச் செயலிகளைப் பயன்படுத்திய பிள்ளைகளிடையே, ஒரு சொல்கூட வாசிக்கத் தெரியாதவர்களின் பங்கு பாதியாகக் குறைந்திருந்தது.

டேப்லெட்டைக் கொடுத்ததாலேயே இது நடந்துவிடவில்லை. பெரு நாட்டில் எட்டு லட்சத்துக்கும் அதிகமான மடிக்கணினிகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கணக்கிலும் மொழிப் பாடத்திலும் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை என்று 2012இல் வெளியான ஆய்வு சொன்னது. கருவி கைக்கு வந்த பிறகு, அடுத்து எந்தப் பாடத்தைக் காட்டுவது, எப்போது காட்டுவது என்ற கேள்வி இருக்கிறதே, அங்கேதான் வேலையே தொடங்குகிறது.

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமென்றால், பிள்ளைக்கு இப்போது என்ன தெரியும் என்பது செயலிக்குத் தெரிய வேண்டும். மனதுக்குள் இருப்பதை அதனால் பார்க்க முடியாது. விரல் எங்கே பட்டது, எத்தனை நொடி கழித்துப் பட்டது என்பது மட்டும்தான் அதற்குக் கிடைக்கும் செய்தி. திரையில் ஒரு மீன் படம் இருக்கிறது, கீழே நான்கு சொற்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை ‘சமாக்கி’ என்ற சொல்லைத் தொடுகிறது. சுவாஹிலியில் மீனுக்கு அதுதான் பெயர். விடை சரி. ஆனால் வாசித்துத் தொட்டதா, குருட்டாம்போக்கில் தொட்டதா? நான்கில் ஒன்று என்பதால், ஒன்றுமே தெரியாத பிள்ளையும் நான்கு முறைக்கு ஒரு முறை சரியாகத் தொட்டுவிடும். நன்றாக வாசிக்கத் தெரிந்த பிள்ளையும் கவனம் சிதறித் தவறாகத் தொடலாம்.

இந்தச் சிக்கலுக்கு அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் கார்பெட், ஜான் ஆண்டர்சன் இருவரும் 1990களில் ஒரு வழி கண்டார்கள். லிஸ்ப் என்ற கணினி மொழியைக் கற்றுத் தரும் மென்பொருளுக்காக அவர்கள் செய்தது அது. இன்றும் கல்விச் செயலி ஆய்வின் அடிப்படைகளில் அது ஒன்று. புதிய சான்று கிடைக்கும்போதெல்லாம் பழைய வாய்ப்பைத் திருத்திக்கொள்ளும் கணித விதிக்குப் பேயஸ் விதி என்று பெயர்; அதைக் கொண்டு அறிவைப் பின்தொடரும் முறை என்று இதைச் சொல்லலாம். ஒவ்வொரு திறனுக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு எண்ணை அது வைத்துக்கொள்கிறது: இந்தப் பிள்ளைக்கு இது தெரிந்திருக்க எவ்வளவு வாய்ப்பு?

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை. தொடக்கத்தில் வாய்ப்பு 40 சதவீதம். தெரிந்தும் தவறுவது 10 சதவீதம். தெரியாமலே சரியாகத் தொட்டுவிடுவது 25 சதவீதம். இப்படிப்பட்ட 100 பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். தெரிந்த 40 பேரில் 36 பேர் சரியாகத் தொடுவார்கள். தெரியாத 60 பேரில் 15 பேரும் சரியாகத் தொட்டுவிடுவார்கள். ஆக, சரியாகத் தொட்ட 51 பேரில் உண்மையிலேயே தெரிந்தவர்கள் 36 பேர், அதாவது ஏறக்குறைய 71 சதவீதம். ஒரே ஒரு சரியான விடையால் 40 என்பது 71 ஆகிவிட்டது. அப்புறம், மீதமுள்ள தெரியாத பிள்ளைகள் அந்தக் கேள்வியைச் செய்து பார்த்ததாலேயே புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கவும் 10 சதவீத வாய்ப்பு உண்டு என்று சேர்த்தால், 73 அல்லது 74 என்று வரும்.

அடுத்த விடையும் சரி என்றால் 92ஐ நெருங்குகிறது. மூன்றாவதும் சரி என்றால் 98ஐ நெருங்கும். வழக்கமாக 95ஐத் தாண்டினால் ‘தெரிந்துவிட்டது’ என்று முடிவு செய்து செயலி அடுத்த பாடத்துக்குப் போகும். மாறாக, முதல் விடையே தவறாக இருந்தால் 40 என்பது 17 அளவுக்கு இறங்கிவிடும். சரியான விடைக்கும் தவறான விடைக்கும் இந்த முறை முழு மதிப்புக் கொடுப்பதில்லை. எவ்வளவு நம்பலாமோ அவ்வளவுதான் நம்புகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தப் பொறுமைதான். வகுப்பில் ஒரு முறை தப்பாகச் சொன்னதற்காக ‘இவனுக்கு வராது’ என்று முத்திரை விழுந்த பிள்ளைகள் எத்தனையோ பேர்.

கணக்கு இவ்வளவு எளிது என்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. நூறு திறன்களுக்கு நூறு எண்களைத்தான் சேமிக்க வேண்டும். பெருக்கலும் வகுத்தலும் போதும். இணையமே இல்லாத ஊரில், விலை குறைந்த டேப்லெட்டுக்கு உள்ளேயே எல்லாம் நடந்துவிடும்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதலில் வகுத்த வடிவில், ஒரு முறை தெரிந்துகொண்டால் பிள்ளை அதை மறக்கவே மறக்காது என்று இந்த முறை எடுத்துக்கொள்கிறது. மறதி எவ்வளவு வேகமானது என்பதை ஜெர்மனியின் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885லேயே தன்மேல் சோதனை செய்து எழுதிவிட்டார். அதனால் நல்ல செயலிகள் முடித்த பாடத்தைச் சில நாள் இடைவெளி விட்டு மறுபடி கொண்டுவருகின்றன.

வேறொரு குறை, பிள்ளைகளின் சாமர்த்தியம். சரியான விடை வரும்வரை எல்லாப் பெட்டிகளையும் வரிசையாகத் தட்டுவது, உதவிப் பொத்தானை விடாமல் அழுத்தி விடையை வாங்கிவிடுவது, இதெல்லாம் எல்லா நாட்டிலும் நடக்கிறது. ரயன் பேக்கரும் கார்னகி மெலனைச் சேர்ந்த மற்றவர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், அடிக்கடி இப்படிச் செய்யும் மாணவர்கள் பின்னால் வைத்த தேர்வில் குறிப்பிடத்தக்க அளவு பின்தங்கியிருந்தார்கள். இங்கேதான் நொடிக்கணக்கு உதவுகிறது. கேள்வியை முழுவதும் கேட்க நான்கு நொடி ஆகும் என்றால், ஒரு நொடியில் வந்த விடையைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம்.

வாசிப்பைச் சோதிக்க விரலைவிடக் குரல் நல்ல சான்று. ஆனால் பிள்ளைகளின் குரல்பாதை குட்டையானது, குரல் கீச்சென்று உயர்ந்திருக்கும்; பெரியவர்களின் பேச்சைக் கேட்டுப் பழகிய மென்பொருள் அங்கே தடுமாறும். ஒரு வசதி, திரையில் என்ன வாக்கியம் இருக்கிறது என்பது செயலிக்கு முன்பே தெரியும். பிள்ளை என்ன சொன்னது என்று முழுதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அந்த வாக்கியத்தின் எந்தச் சொல்வரை வந்திருக்கிறது, எதைத் தாண்டிவிட்டது என்று ஒப்பிட்டால் போதும்.

இதையெல்லாம்விட எளிதாக, ஆனால் ஆழமாகக் கணக்கைக் கெடுப்பது இரவல். மலாவி அரசு இப்போது ஒன்பில்லியனின் செயலியைத் தொடக்கப் பள்ளிகளின் முதல் நான்கு வகுப்புகளுக்குக் கொண்டுபோகும் திட்டத்தை நடத்துகிறது. பள்ளிக்கூடத்தில் ஒரே டேப்லெட் பல கை மாறும். ஒருத்தியின் கணக்கில் இன்னொருவன் உட்கார்ந்து பத்து நிமிடம் விளையாடினால், அவளுக்குத் தெரியாததெல்லாம் தெரியும் என்று பதிவாகிவிடும். மறுநாள் அவளுக்குப் புரியாத பாடம் வந்து நிற்கும். எழுதத் தெரியாத பிள்ளையிடம் கடவுச்சொல் கேட்க முடியாது. யார் எந்தக் கணக்கில் நுழைகிறார்கள் என்பதைக் கவனிக்க வகுப்பில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

அதனால்தான் செயலி தானே கொடுக்கும் மதிப்பெண்ணை வைத்து அதன் வெற்றியை அளக்கக் கூடாது. வெளியிலிருந்து ஒருவர் வந்து, தாளில் அச்சடித்த சொற்களை வாசிக்கச் சொல்லி, ஒரு நிமிடத்தில் எத்தனை சரி என்று எண்ண வேண்டும். தொடக்க நிலை வாசிப்பை அளக்கப் பல நாடுகளில் இந்த முறை பழக்கத்தில் இருக்கிறது.

டாங்காவின் கணக்கை இப்போது மறுபக்கம் திருப்பிப் பார்க்கலாம். வாசிக்கத் தெரியாதவர்களின் பங்கு பாதியானது என்றால், 15 மாதம் கழித்தும் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்கு ஒரு சொல்லும் வாசிக்க வரவில்லை. என் கவலை அவர்களைப் பற்றியதுதான். ஜோசப் பெக், யூ காங் என்ற ஆய்வாளர்கள் 2013இல், பத்து முறை முயன்றும் ஒரு திறன் கைவராமல் அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும் மாணவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். சேற்றில் சிக்கிய சக்கரம் போல என்று அந்த நிலைக்குப் பெயர் வைத்தார்கள். அந்த இடத்தில் பதினொன்றாவது முறையும் அதே பயிற்சியைக் கொடுத்துப் பயனில்லை. அந்தப் பிள்ளையின் எண் ஏறவில்லை என்பது செயலிக்கு ஏற்கெனவே தெரியும். பெரும்பாலும் அது டேப்லெட்டுக்குள்ளேயே கிடந்துவிடுகிறது. அதை வெளியே எடுத்து, ‘இன்று இந்த நான்கு பேர் இந்த எழுத்தில் சிக்கியிருக்கிறார்கள்’ என்று ஆசிரியருக்கு ஒரு வரியில் சொல்லப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம்.