ஐஸ்லாந்து டிக்கெட் போடும் முன் மாதத்தைப் பேசுவோம்

போன வாரம் எங்கள் டிராவல்ஸுக்கு ஒரு இளம் தம்பதி வந்திருந்தார்கள். ஜூனில் வேறொரு ஏஜென்ட் மூலம் ஐஸ்லாந்து போய்த் திரும்பியவர்கள். தம்பி போனை நீட்டினார். ஹோட்டல் ஜன்னல், ஓரம் தள்ளிய கனமான கறுப்புத் திரை, வெளியே பால்போல் வெளுத்த வானம். படம் எடுத்த நேரம் இரவு 1.40. "ஆறு ராத்திரியும் அலாரம் வெச்சு எழுந்தோம் சார். மேகம் மறைச்சிருச்சு போல, நார்தர்ன் லைட்ஸ் தெரியவே இல்ல."

நார்தர்ன் லைட்ஸ் என்பது வடதுருவப் பக்கத்து இரவு வானில் பச்சையாக அலையும் ஒளி. அதை மேகம் மறைக்கவில்லை. ஜூனில் அங்கே இருட்டுவதே கிடையாது. பணம் வாங்கியவர் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? இதே கதையோடு இந்த ஆண்டு வந்த நான்காவது ஜோடி இவர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

"குளிர் அதிகமானா தெரியும்", "பனி பெஞ்சா தெரியும்" என்று தினமும் கேட்கிறேன். தயவுசெய்து இதை மறந்துவிடுங்கள். அந்த ஒளி எழுவது தரைக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு மேலே. கீழே நமக்குக் குளிர்கிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நமக்கு முதலில் வேண்டியது இருட்டு, மேகமில்லாத வானம், இரண்டும். ஜூன் 21 அன்று தலைநகர் ரேக்யவிக்கில் சூரியன் மறையவே நள்ளிரவு தாண்டிவிடும். மூன்று மணிக்குள் மறுபடி உதித்துவிடும். இடைப்பட்ட நேரமும் அந்திவெளிச்சம்தான். பட்டப்பகலில் நட்சத்திரம் தேடினால் கிடைக்குமா? ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஏப்ரல் பாதி வரைதான் பார்க்கிற அளவுக்கு இருட்டு. தரையில் பொட்டுப் பனி இல்லாத செப்டம்பர் இரவிலும் தலைக்கு மேல் பச்சை அலையும்.

"அப்ப டிசம்பர்ல போட்டுடுங்க" என்று உடனே சொல்வார்கள். அங்கேதான் அடுத்த தவறு. டிசம்பர் கடைசியில் பகல் நான்கு மணி நேரம் சொச்சம். சூரியன் பதினொன்றரைக்கு வந்து மூன்றரைக்குப் போய்விடும். ரேக்யவிக்கிலிருந்து பனிப்பாறைகள் மிதக்கும் யோகுல்சார்லோன் ஏரிக்குப் போக மட்டுமே கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். ஒரே நாளில் போய்த் திரும்பினால் பாதிக்கு மேல் இருட்டில், வழுக்கும் சாலையில், பழகாத காற்றில் ஓட்டுகிறீர்கள். கோடையில் போய்வந்த நண்பரின் பயணத் திட்டத்தை வாங்கி அப்படியே குளிர்காலத்துக்கு வைக்காதீர்கள். நாட்டைச் சுற்றிவரும் 1,300 கிலோமீட்டர் ரிங் ரோட்டை ஆறு நாளில் முடிப்பது கோடையிலேயே ஓட்டம்தான்.

ஆக, முதலில் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முடிவு பண்ணுங்கள். பஃபின் பறவையா? மே முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை. லாண்ட்மன்னலோகர் போன்ற, தீவின் உட்பகுதி மலைகளா? அங்கே போகும் கரடுமுரடான மலைச் சாலைகளான எஃப் ரோடுகள் பெரும்பாலும் ஜூன் பாதிக்கு மேல்தான் திறக்கும்; ஃபோர் வீல் டிரைவ் இல்லாமல் அவற்றில் ஏறுவது சட்டப்படி குற்றம். பள்ளி லீவு என்று மே மாதம் போகிற குடும்பங்களுக்கு அருவியும் பறவையும் கிடைக்கும், மலை கிடைக்காது. இயற்கையான பனிக்குகைக்கு நவம்பர் முதல் மார்ச் வரை, அதுவும் வழிகாட்டியோடு மட்டும்.

எந்த மாதமானாலும் குடை வேண்டாம், காற்றில் நிற்காது. மழை புகாத ஜாக்கெட் எடுங்கள். காற்று வீசும்போது கார் கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறங்கள். கதவு மடங்கிப்போனால் பெரும்பாலான வாடகைக் கார் இன்சூரன்ஸ் தராது. ரேனிஸ்ஃபியாரா கடற்கரையில் அலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கவே எடுக்காதீர்கள். அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

அந்தத் தம்பதிக்கு அடுத்த செப்டம்பர் கடைசியைக் குறித்துக் கொடுத்தேன். "இந்தத் தடவ நிச்சயமா தெரியுமா சார்?" என்று அந்தப் பெண் கேட்டார். இருட்டுக்கு நான் பொறுப்பும்மா, மேகத்துக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது என்றேன். ஏழு இரவு போட்டிருக்கிறோம், அதில் நான்கு நகர வெளிச்சத்தைத் தாண்டி. ஐஸ்லாந்து வானிலைத் துறையின் தளத்தில் மேகப் படத்தை எப்படிப் பார்ப்பது என்று அவர் போனிலேயே காட்டிக் கொடுத்தேன்.